டிரான்சிஷன் ஏன் வெட்டில் உட்கார மாட்டேங்குது?

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது, மதுரையில் மண்டபங்கள் ஓய்வெடுக்கும். கல்யாண வீடியோ மிக்ஸிங், அதாவது எடிட்டிங், பார்க்கிறவர்களுக்கு ஓய்வு ஏது? வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துக் குவித்ததை முடித்துக் கொடுக்கச் சொல்லி பார்ட்டிகள் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த முறை வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால், சுற்றுவட்டாரத்து எடிட்டர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது: ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டிலும், அந்த மாற்றத்தை அலங்கரிக்கும் டிரான்சிஷனிலும். முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்லப்போகிறேன். மற்ற பல கேள்விகளுக்கும் அதில் பாதி விடை இருக்கிறது.

கேள்வி: அக்கா, டிரான்சிஷன் பேக் ஒன்று வாங்கினேன். பூத்திரை விலகுவது, கோயில் கதவு மூடித் திறப்பது என்று நிறைய இருக்கிறது. எல்லாம் பின்னணி இல்லாத எம்ஓவி ஃபைல்கள். பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் இரண்டு ஷாட்டுக்கும் மேலே, இரண்டாவது ட்ராக்கில், ஃபைலின் நட்டநடு வெட்டுக்கு நேராக வருகிற மாதிரிதான் வைக்கிறேன். ஆனாலும் திரை விலகும்போது பழைய ஷாட் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் புது ஷாட் குதிக்கிறது. சில ஃபைலில் இந்தப் பிரச்சினை வருகிறது, சிலதில் வருவதில்லை. என்ன தப்பு?
— ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர், மேலூர்

பதில்: தம்பி, ஃபைலின் நடுவுக்கும் உங்கள் வெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பூத்திரையைச் செய்தவர் திரையை மளமளவென்று மூடவிட்டு, ஆற அமரத் திறக்கவிட்டிருப்பார். பார்க்க அழகாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அப்போது திரை முழுசாக மூடியிருக்கும் இடம் நடுவுக்கு முன்னாலேயே வந்துவிடும். வெட்டு ஒளிய வேண்டியது அந்த இடத்தில்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஃபைல் 40 ஃபிரேம், அதாவது 40 தனித்தனிப் படங்கள், என்று வையுங்கள். 14ஆம் ஃபிரேமிலிருந்து 17 வரை திரை முழுக்க மூடியிருக்கிறது. 18இல் ஓரம் விலகத் தொடங்குகிறது. நீங்கள் நட்டநடுவில், அதாவது 20க்கும் 21க்கும் இடையில், வெட்டை வைக்கிறீர்கள். அப்படியானால் 18, 19, 20 ஆகிய மூன்று ஃபிரேமிலும் விலகிய ஓரத்தின் வழியாகத் தெரிவது பழைய ஷாட். ஷாட்களை வரிசையாக அடுக்கும் டைம்லைன் நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிறது, அதில் மூன்று ஃபிரேம் என்றால் நொடியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. முகூர்த்தப் புடவை சிவப்பாக இருந்து, அடுத்த ஷாட் ரிசப்ஷன் மேடையின் நீலமாக இருந்தால் அந்த மூன்று ஃபிரேமும் கண்ணில் அறையும். இரண்டு ஷாட்டும் ஒரே மண்டபத்து மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் தெரியாமல் தப்பிக்கும். சில ஃபைலில் வருகிறது, சிலதில் வரவில்லை என்றீர்களே, அதற்கு ஃபைல் பாதிக் காரணம், நிறம் மீதிக் காரணம்.

எனவே முதலில் ஃபைலைத் தனியாகத் திறந்து, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். அடியில் பளிச்சென்று ஒரு பச்சைப் பின்னணி வைத்துக்கொண்டு பார்த்தால் ஓட்டை இருப்பது உடனே தெரியும். கருப்பின் மேல் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பச்சை துளிகூடத் தெரியாத முதல் ஃபிரேம் எது, கடைசி ஃபிரேம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன உதாரணத்தில் 14, 17. வெட்டை 15க்கும் 16க்கும் இடையில் வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டு ஃபிரேம் பாதுகாப்பு. டைம்லைனில் மேலே இருக்கும் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸில் ஆல்ட் விசையோடு இடது, வலது அம்புக்குறியைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேரில் கமாவும் புள்ளியும் அதே வேலையைச் செய்யும். மௌஸால் இழுத்து விடாதீர்கள். ஸ்னாப் என்பது கிளிப்பின் ஓரத்தைப் போய்ப் பிடிக்கும், திரை மூடிய ஃபிரேமை அதற்குத் தெரியாது.

கண்டுபிடித்த எண்ணை ஃபைலின் பெயரிலேயே எழுதிவிடுவது என் பழக்கம்: ‘பூத்திரை – வெட்டு 15’, ‘கதவு – வெட்டு 22’. பேக்கில் வரும் ‘டிரான்சிஷன் 037’ மாதிரிப் பெயர்களால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்தால் நீங்கள் நிஜமாகவே உபயோகிக்கிற பத்துப் பன்னிரண்டுக்குப் பெயர் வைத்துவிடலாம். மீதியை நீங்கள் தொடவே போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ஃபிரேம் ரேட்டையும், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதையும், பாருங்கள். வெளிநாட்டுப் பேக்குகள் பல 30 ஃபிரேமில் வரும். நம் கல்யாண டைம்லைன் பெரும்பாலும் 25. அப்படியே போட்டால் சாஃப்ட்வேர் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று வீதம் தூக்கிப் போட்டுவிடும். 40 ஃபிரேம் 33 ஆகும்; நீங்கள் எண்ணி வைத்த எண்ணும் மாறிவிடும். அதைவிட மோசமான ஒன்று: வேகமாக மூடித் திறக்கும் எஃபெக்டில் முழுக்க மூடியிருப்பது ஒரே ஒரு ஃபிரேம்தான் என்றால், தூக்கிப் போட்டது அதுவாகவே இருக்கலாம். அப்புறம் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஓட்டை தெரியும். ப்ராஜெக்ட் பேனலில் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, மாடிஃபை, இன்டர்பிரட் ஃபுட்டேஜ் என்று போய், 25 என்று கொடுத்துவிடுங்கள். ஃபிரேம் ஒன்றுகூடக் குறையாது, 1.33 நொடியில் முடிந்தது 1.6 நொடி ஓடும், அவ்வளவுதான். எண்ணுவதையும் பெயர் வைப்பதையும் அதற்குப் பிறகு செய்யுங்கள்.

கருப்புப் பின்னணியில் வரும் ஒளிக்கசிவு எம்பி4 ஃபைல்கள் வேறு சாதி. அவற்றை, கருப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரிகிற ஸ்கிரீன் மோடில் போடுகிறோம். அந்த மோடில் வெள்ளையான இடம்தான் அடியில் இருப்பதை மறைக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தால் அழகாக இருக்கும், ஆனால் மறைக்காது. அங்கே வெட்டின் மேலேயே ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரியவரும் டிசால்வ் ஒன்றும் நாலு அல்லது ஆறு ஃபிரேமுக்குச் சேர்த்துப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மேல் ட்ராக் வேலையை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி வந்து உட்கார்ந்து, “அந்தச் சித்தப்பா பேசுறத மட்டும் எடுத்துருங்கம்மா, இப்பப் பேச்சுவார்த்தை இல்ல” என்பார்கள். வெட்டை அங்குமிங்கும் நகர்த்துவீர்கள். மேலே இருக்கும் பூத்திரை கூடவே வராது.

கேள்வி: காதுகுத்து, வசந்த விழா என்று ஊர்ப்பக்க விசேஷங்கள் எடுக்கிறேன். டிரான்சிஷனை இழுத்துப் போட்டாலே, ‘மீடியா போதவில்லை, ஃபிரேம்கள் திரும்ப வரும்’ என்று பிரீமியர் சொல்கிறது. ஓகே அமுக்கினால் ஓடத்தான் செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?
— உசிலம்பட்டி வாசகர்

பதில்: டிரான்சிஷன் நடக்கும் நேரம் முழுக்க இரண்டு ஷாட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 24 ஃபிரேம் டிரான்சிஷனை வெட்டின் நடுவில் போட்டால், முதல் ஷாட் வெட்டுக்குப் பிறகும் 12 ஃபிரேம் இருக்க வேண்டும். இரண்டாவது ஷாட் வெட்டுக்கு முன்பே 12 ஃபிரேம் இருக்க வேண்டும். இதைத்தான் ஹேண்டில் என்கிறோம். ஜாக்கெட் தைக்கிறவர் உள்பக்கம் துணி விட்டுத் தைக்கிற மாதிரி. கேமரா ஆஃப் ஆன இடம் வரை கிளிப்பை முழுக்க உபயோகித்துவிட்டால் உள்ளே துணி ஏது? சாஃப்ட்வேர் கடைசி ஃபிரேமையே திரும்பத் திரும்ப வைத்து ஒப்பேற்றும். டிரான்சிஷன் பட்டையின் மேல் சாய்வுக்கோடுகள் தெரிகிறதே, அது இதற்கான அடையாளம்தான்.

காதுகுத்தில் இது எப்படித் தெரியும் தெரியுமா? தாய்மாமன் மடியில் குழந்தை வாயைத் திறந்து வீறிடுகிற இடத்தில் ஷாட் முடிகிறது. வெட்டு வந்ததும் சத்தம் அடுத்த ஷாட்டுக்குப் போய்விடும். ஆனால் அழுகிற முகம் மட்டும் அசையாமல் நின்று, மெல்லக் கரையும். ஆசாரியின் கை காதோரம் அந்தரத்தில் நிற்கும். முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் பாட்டிக்குக்கூட “என்ன, நின்னுபோச்சு?” என்று கேட்கத் தோன்றும்.

மூன்று வழி இருக்கிறது. வெட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஹேண்டில் உண்டாக்குவது நல்ல வழி. டிரான்சிஷனைச் சுருக்குவது இரண்டாவது. இரண்டும் முடியாதபோது சீரமைப்பை மாற்றுங்கள். டிரான்சிஷனைக் கிளிக் செய்தால் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பேனலில் அலைன்மென்ட் வரும். முதல் ஷாட்டுக்கு வால் (வெட்டுக்குப் பிறகு மிச்சம்) இல்லை, இரண்டாவது ஷாட்டுக்குத் தலை (வெட்டுக்கு முன் மிச்சம்) இருக்கிறது என்றால் ‘எண்ட் அட் கட்’. அப்போது டிரான்சிஷன் வெட்டோடு முடிந்துவிடும், வால் தேவைப்படாது. தலை இல்லை, வால் இருக்கிறது என்றால் ‘ஸ்டார்ட் அட் கட்’. இரண்டுமே இல்லையென்றால் நேர்வெட்டுதான். அதில் ஒன்றும் அவமானம் இல்லை.

50 ஃபிரேமில் எடுத்து பாதி வேகத்தில் ஓட்டும் ஸ்லோமோஷன் ஷாட் என்றால் உங்களுக்கு லாபம். அரை நொடி ஹேண்டில் வேண்டிய இடத்தில் கால் நொடி எடுத்திருந்தாலே போதும். கேமரா பிடிக்கிற தம்பியிடமும் சொல்லிவையுங்கள்: செயல் தொடங்கும் முன்பே ரெக்கார்டை அமுக்கு, முடிந்த பிறகும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு நிறுத்து. மெமரி கார்டில் இடம் போகிறதே என்று இதில் கஞ்சத்தனம் தேவையில்லை.

கேள்வி: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில், எஃபெக்ட் செய்கிற ஃப்யூஷன் பக்கத்தில் சொந்தமாக ஒரு ஜூம் டிரான்சிஷன் செய்தேன். 24 ஃபிரேமில் அருமையாக இருக்கிறது. 12 ஆகக் குறைத்தால் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. 40 ஆக்கினால் சீக்கிரமே முடிந்துபோய் சும்மா நிற்கிறது. என்ன செய்ய, அக்கா?
— விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி, மதுரை

பதில்: சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம், தங்கச்சி. ‘இந்த ஃபிரேமில் இந்த அளவு’ என்று குறித்துவைக்கும் கீஃபிரேமை நீ போட்டிருக்கிறாய். கீஃபிரேம் என்பது ஃபிரேம் எண்ணில் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கும். 0, 12, 24. டிரான்சிஷனின் நீளம் மாறினாலும் அது நகராது.

அதற்குப் பதிலாக, சைஸ் என்று இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, மாடிஃபை வித், ஆனிம் கர்வ்ஸ் என்று போ. மாடிஃபையர்ஸ் தாவலில் அதன் சோர்ஸை ‘டிரான்சிஷன்’ என்று மாற்று. இப்போது டிரான்சிஷன் எத்தனை ஃபிரேம் என்றாலும் மதிப்பு 0இல் தொடங்கி 1இல் முடியும். நீட்டினால் நீளும், குறைத்தால் சுருங்கும். ஸ்கேலும் ஆஃப்செட்டும் கொடுத்து உனக்கு வேண்டிய எல்லைக்குக் கொண்டுவரலாம். ஸ்கேல் 2, ஆஃப்செட் 1 என்றால் சைஸ் 1லிருந்து (அதாவது அசல் அளவிலிருந்து) 3 வரை போகும். கர்வைக் ‘கஸ்டம்’ ஆக்கி, வெளியேறும் ஷாட்டின் ஏற்றம் பாதியிலேயே முடிகிற மாதிரியும், நுழையும் ஷாட்டின் ஏற்றம் பாதியில்தான் தொடங்குகிற மாதிரியும் வரைந்துகொள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடமும் அதே பாதிப் புள்ளியில் இருக்கட்டும்.

ஜூமில் பலர் சறுக்குவது திசையில். முதல் ஷாட் உள்ளே பாய்கிறது என்றால், இரண்டாவது ஷாட் சின்னதாகத் தொடங்கி 1க்கு வர வேண்டும்; 0.4லிருந்து தொடங்கிப் பார். அப்போதுதான் கண் ஒரே திசையில் போகும். 3லிருந்து 1க்கு இறக்கினால் முன்னால் பாய்ந்தவன் சட்டென்று பின்வாங்குகிற மாதிரி ஆகிவிடும். சின்னதாகும்போது ஓரத்தில் கருப்புத் தெரியும். ட்ரான்ஸ்ஃபார்மில் எட்ஜஸ் என்பதை மிர்ரர் ஆக்கினால் மறையும். வேகமும் முக்கியம்: முதல் பாதி வேகமெடுத்துக்கொண்டே போக வேண்டும், இரண்டாம் பாதி வேகம் குறைந்துகொண்டே வர வேண்டும். உச்ச வேகம் வெட்டின் மேல் இருந்தால் வெட்டு யாருக்கும் தெரியாது. இரண்டு ஃபிரேம் தள்ளி இருந்தால் தடுக்கி விழுந்த மாதிரி தெரியும். அசைவைக் கொஞ்சம் கலங்கலாக்கும் மோஷன் பிளர் போட்டுவிடு. நீளத்தை 12, 24 என்று இரட்டைப்படையில் வை. 25 என்றால் வெட்டின் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியாது.

முடிந்ததும் மீடியா-இன் இரண்டையும் மீடியா-அவுட்டையும் விட்டுவிட்டு, மற்ற நோட்களை (ஃப்யூஷனில் ஒவ்வொரு வேலைக்கும் இருக்கும் கட்டங்களை) தேர்ந்தெடுத்து ஒரே தொகுப்பாக, அதாவது மேக்ரோவாக, ஆக்கு. ஃப்யூஷனின் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் எடிட், அதற்குள் டிரான்சிஷன்ஸ். அங்கே சேமித்து, சாஃப்ட்வேரை மூடித் திற. எடிட் பக்கத்தில் மற்ற டிரான்சிஷன்களோடு உன்னுடையதும் வந்து நிற்கும். பெயர் மட்டும் நல்லதாக வை.

கேள்வி: பாட்டுக்குத் தாளம் தவறாமல் வெட்டுகிறேன். நேர்வெட்டாக இருந்தால் சரியாக இருக்கிறது. அதே இடத்தில் டிரான்சிஷன் போட்டால் தாமதமாகத் தெரிகிறது. ஹைலைட்ஸ் போகப்போக மொத்தமாகவே தாளம் நழுவுகிறது.
— திருமங்கலம் வாசகர்

பதில்: இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். டிரான்சிஷனின் தொடக்கத்தைத் தாளத்தில் வைத்திருப்பீர்கள். காதில் தாளத்தின் அடி விழும்போது கண்ணில் டிரான்சிஷனின் உச்சம் விழ வேண்டும். 12 ஃபிரேம் டிரான்சிஷன் என்றால் அடிக்கு 6 ஃபிரேம் முன்பே தொடங்க வேண்டும்.

நழுவுவதற்குக் காரணம் வகுத்தல் கணக்கு. நிமிடத்துக்கு 120 அடி என்றால், 25 ஃபிரேமில் அடிக்கு 12.5 ஃபிரேம். நீங்கள் 12 ஃபிரேம் துண்டுகளாக நறுக்கி வரிசையாக ஒட்டினால் அடிக்கு அரை ஃபிரேம் கடன் ஏறும். 16 அடிக்குள் 8 ஃபிரேம், அதாவது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. 12, 13 என்று மாற்றி மாற்றி வெட்டுங்கள். நிமிடத்துக்கு 100 அடிப் பாட்டு என்றால் அடிக்கு 15 ஃபிரேம், 125 என்றால் 12, 150 என்றால் 10. இவையெல்லாம் மிச்சமில்லாமல் வகுபடும்.

கெட்டிமேளத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தவில்காரர் பெரியவரின் விரலைப் பார்த்துவிட்டு அடிப்பார், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியைப் பார்த்து இல்லை. சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் வேவ்ஃபார்மில் செங்குத்தாக எழும்பும் கோட்டைக் கண்ணால் பார்த்து மார்க்கர் வையுங்கள். ஓடவிட்டுக் காதால் கேட்டுத் தட்டினால் விரல் எப்போதும் பிந்தித்தான் விழும்.

கேள்வி: ஜல்லிக்கட்டு வீடியோவுக்கு எந்த டிரான்சிஷன் எடுப்பாக இருக்கும்?
— பாலமேடு வாசகர்

பதில்: எதுவும் வேண்டாம், காளையே போதும். வாடிவாசலிலிருந்து வெளியே வரும் காளை, கேமராவுக்குக் குறுக்கே பாயும்போது அதன் விலாப்புறம் ஒன்றிரண்டு ஃபிரேம் படத்தை முழுக்க அடைக்கும். மேலூர்த் தம்பிக்குச் சொன்ன பூத்திரைக் கணக்கேதான். அந்த ஃபிரேமில் வெட்டி, அடுத்த காளைக்குப் போய்விடுங்கள். இடமிருந்து வலமாகப் பாய்ந்தது என்றால் அடுத்ததும் இடமிருந்து வலமாகவே இருக்கட்டும்.

கேலரி உயரத்திலிருந்து எடுத்தால் எதுவும் கிட்டத்தில் வராது. அப்போது முன்வரிசை ஆட்களின் தோள், வீசுகிற துண்டு, தடுப்புக் கம்பு என்று எது குறுக்கே வந்தாலும் பிடித்து வையுங்கள். கேமராவைச் சடாரென்று திருப்பி நாலைந்து ஷாட் தனியாக எடுத்து வைத்தாலும் பிற்பாடு உதவும். அவனியாபுரமோ அலங்காநல்லூரோ, இதற்கென்று பேக் வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: பார்ட்டி “எஃபெக்ட் பத்தல” என்கிறார்கள். தாலி கட்டும் இடத்தில் பெரிதாக ஏதாவது போடலாமா?
— சோழவந்தான் வாசகர்

பதில்: போடாதீர்கள். முதல் முடிச்சு விழுகிற ஃபிரேமின் மேல் எதுவும் வரக்கூடாது, டிசால்வ்கூட. அந்த வீட்டில் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். ஹாலிவுட் எஃப்எக்ஸ் என்ற பழைய எஃபெக்ட் சாஃப்ட்வேர் காலத்தில் மணமக்கள் முகத்தின் மேல் இதயம் இதயமாகப் பறந்தது, இப்போது அந்த கேசட்டை சிடிக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள், “இந்த இதயத்தை எடுக்க முடியுமா?” என்றுதான் கேட்கிறார்கள். முடியாது. எஃபெக்ட் வேண்டும் என்றால் மாப்பிள்ளை அழைப்பிலும் ரிசப்ஷனிலும் தாராளமாகக் கொட்டுங்கள்.

கேள்வி: மொபைலில் மட்டும்தான் எடிட் செய்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?
— வாடிப்பட்டி வாசகர்

பதில்: பெரும்பாலான மொபைல் ஆப்களில் இரண்டு கிளிப்புக்கு நடுவே இருக்கும் கட்டத்தைத் தொட்டால் டிரான்சிஷன் வரும், நீளத்தை மட்டும் மாற்றலாம், முன்னே பின்னே நகர்த்த முடியாது. பூத்திரை மாதிரி ஃபைலை லேயராக மேலே போட்டால் உங்கள் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். போனில் எடுத்த வீடியோவின் ஃபிரேம் ரேட் பெரும்பாலும் நிலையாக இருக்காது. அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் நாளில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் நிலையான ரேட்டுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள், எந்த சாஃப்ட்வேர், எத்தனை ஃபிரேம் டைம்லைன், எந்த வகை ஃபைல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். “சரியா வரமாட்டேங்குது” என்று மட்டும் எழுதினால் நானும் சிம்மக்கல்லில் உட்கார்ந்துகொண்டு மையா போட்டுப் பார்க்க முடியும்?